நீக்கிய கமெண்டில் இருந்த நியாயம்

கேள்வி:

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருந்து சமையல் சேனல் நடத்துகிறேன். கணவர் கேமரா, நாத்தனார் மகள் எடிட்டிங். எண்ணெய்ப் பூண்டு வீடியோ ஒன்று நன்றாக ஓடியது. ஒருவர் வந்து ‘இது விஷம்’ என்று எழுதினார். பொறாமையில் எழுதுகிறார் என்று நீக்கிவிட்டேன். அடுத்து ஒரு செக்கு எண்ணெய்க் கம்பெனிக்காக வீடியோ போட்டேன். ‘காசு வாங்கிட்டுப் புளுகுறா’ என்று ஒரே ஏச்சு. அவர்களுக்கு இன்னொரு வீடியோ பாக்கி இருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு ரோஸ்ட் சேனல்காரர் என் பேச்சையும் உடம்பையும் கிண்டல் செய்து வீடியோ போட்டார். அங்கிருந்து வந்தவர்கள் எழுதியதை இங்கே சொல்ல முடியாது. ஒன்பதாவது படிக்கும் என் மகன் அதையெல்லாம் படித்திருக்கிறான். எல்லா வீடியோவிலும் கமெண்டை மூடிவிட்டேன். கணவர் சேனலையே மூடச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர், என் வீடியோவை அனுமதியில்லாமல் எடுத்தாண்டார் என்று யூடியூபில் புகார் செய்து ரோஸ்ட் வீடியோவுக்குக் காப்பிரைட் ஸ்ட்ரைக் அடிக்கச் சொல்கிறார். நான் அழுதுகொண்டே ஒரு பதில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். போடலாமா? ஸ்கிரீன்ஷாட்டுகள் இணைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவைப் போடாதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறேன். அதைவிட அவசரமான சங்கதி ஒன்று, நீங்கள் கேட்காமலே கடிதத்தின் நடுவில் கிடக்கிறது. எண்ணெய்ப் பூண்டு வீடியோவையும் அதிலிருந்து வெட்டிப் போட்ட ஷார்ட்ஸையும் உடனே ‘பிரைவேட்’ ஆக்குங்கள். இதை உங்களுக்குத் தனி மெயிலிலும் எழுதிவிட்டேன். இந்தப் பத்தி வெளியாகும்வரை பொறுக்கக்கூடிய விஷயமில்லை.

அந்த கமெண்ட் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் முழுசாக இருக்கிறது. “பச்சைப் பூண்டை எண்ணெய்ல முக்கி வெளியில மூணு மாசம் வைக்கலாம்னு சொல்றீங்களே, பொட்டுலிசம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? புளி, எலுமிச்சை எதுவும் சேர்க்காம இப்படி வச்சா இது விஷம். வீடியோவ எடுங்க. படிச்சுட்டு வந்து சமையல் சொல்லு.” கடைசி வரி மரியாதைக் குறைவுதான். உங்கள் கண்ணில் அந்த ஒரு வரி மட்டும் குத்தியிருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது அத்தனையும் சரி.

நான் உணவு விஞ்ஞானி இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி தயாரித்த காலத்தில், ஊறுகாய், பாட்டிலில் அடைத்து வைப்பது போன்ற பகுதிகளை உணவுத் தொழில்நுட்பம் படித்த ஒருவர் பார்த்துச் சரி சொல்லாமல் ஒளிபரப்பமாட்டோம். அதனால் இந்தப் பெயர் எனக்குப் பழக்கம். பொட்டுலிசம் என்பது நரம்புகளை முடக்கி உயிரையே பறிக்கக்கூடிய உணவு நஞ்சு நோய். அதற்குக் காரணமான கிருமியின் வித்துக்கள் மண்ணிலேயே இருப்பவை. பூண்டு மண்ணுக்குள் விளைவது. காற்றில் இருக்கும்போது அந்த வித்துக்களால் பெரிய தொல்லை இல்லை. எண்ணெயில் மூழ்கடித்ததும் காற்று இல்லாமல் போகிறது. பூண்டில் புளிப்பு குறைவு. பாட்டில் இருப்பதோ நம் ஊர் வெயிலில். கிருமி முளைத்து நஞ்சு சுரக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது, நிறம் மாறாது. “கெட்டுப்போனா வாசத்துலயே தெரிஞ்சிடும்” என்று நீங்கள் வீடியோவில் சொல்கிறீர்கள். இந்த விஷயத்தில் தெரியாது.

1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் இப்படி எண்ணெயில் போட்டு, குளிர்ப்பெட்டியில் வைக்காமல் வைத்திருந்த நறுக்கிய பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1989-ல் நியூயார்க் மாநிலத்தில் மறுபடி மூன்று பேர். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில், கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் புளிப்பேற்றும் பொருள் கட்டாயம் என்று ஆக்கினார்கள். வீட்டில் செய்வதானால் குளிர்ப்பெட்டியில் நாலு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. நம் வீட்டுப் பூண்டு ஊறுகாய் மட்டும் எப்படித் தாங்குகிறது என்று கேட்பீர்கள். அதில் தாராளமாகப் புளியோ எலுமிச்சைச் சாறோ இருக்கிறது, உப்பு இருக்கிறது, நன்றாகச் சுண்டக் காய்ச்சுகிறோம். உங்கள் வீடியோவில் அந்த மூன்றும் இல்லை. ஊறுகாயிலிருந்து புளிப்பை எடுத்துவிட்டு அதன் ஆயுளை மட்டும் வைத்துக்கொண்டீர்கள்.

அந்த வீடியோவைப் பார்த்துச் செய்து சாப்பிட்ட யாராவது இமை சரிகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, விழுங்க முடியவில்லை, நாக்குக் குழறுகிறது என்று எழுதினால், கமெண்டில் கைவைத்தியம் பேசாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பாட்டிலில் மிச்சம் இருப்பதை மூடி எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டட்டும்.

இவ்வளவு நீளமாகப் பூண்டைப் பேசக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மூன்று வகை ஆட்கள் வருகிறார்கள்: பூண்டுக்காரர், எண்ணெய் விளம்பரத்துக்குக் கோபப்பட்டவர்கள், உடம்பைப் பற்றி எழுதியவர்கள். மூன்று பேரையும் ‘ஹேட்டர்ஸ்’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறீர்கள். நான் வேலை பார்த்த சேனல்களில் பாதிக்கு மேல் இதே பழக்கம் உண்டு. கமெண்டைப் படிக்கும்போது என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே எந்தக் குரலில் சொல்லியிருக்கிறது என்று பார்த்து, அதை வைத்தே பிரித்துவிடுவது. இனிக்க எழுதினால் ஹார்ட், கசக்க எழுதினால் டெலீட். ஆனால் சமையல் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் பேசத் தெரிய வேண்டும் என்று கட்டாயமா? நுண்ணுயிரியல் படித்த ஒருவர், நாள் முழுக்க ஆய்வகத்தில் நின்றுவிட்டு, ராத்திரி போனைத் திறந்து உங்கள் வீடியோவைப் பார்த்துப் பதறி எழுதினால் இப்படித்தான் எழுதுவார். இது வெறும் ஊகம்தான். ஆனால் பொறாமை என்று நீங்கள் நினைத்ததும் ஊகம்தானே!

ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த கமெண்டுக்கு அடியில் உங்கள் ரசிகை ஒருவர் “வயித்தெரிச்சல் புடிச்சதுங்க எல்லாம் வந்துடுது அக்கா, கண்டுக்காதீங்க” என்று எழுதியிருக்கிறார். அதற்கு நீங்கள் ஹார்ட் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு விநாடி வேலை. பார்க்கிறவர்களுக்கோ, திருத்த வந்தவரைத் திட்டலாம் என்று சேனலே அனுமதி கொடுத்த மாதிரி. அதற்கு மேல் அங்கே எந்த விவரம் தெரிந்தவரும் வாய் திறக்கமாட்டார். ரசிகர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்களைக் காவலுக்கு நிறுத்தாதீர்கள்.

சரி, தவறு நடந்துவிட்டது. எப்படித் திருத்துவது?

இதை நன்றாகச் செய்த ஒருவரைச் சொல்கிறேன். சமையலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. வெரிட்டாசியம் என்ற அறிவியல் சேனல் நடத்தும் டெரெக் முல்லர் 2021 நவம்பரில் மின்சாரம் பற்றி ஒரு வீடியோ போட்டார். மிக நீளமான கம்பி, ஒரு மீட்டர் தூரத்தில் பல்பு, சுவிட்சைப் போட்டால் பல்பு எப்போது எரியும் என்பது கேள்வி. மின் பொறியாளர்கள் கொதித்துவிட்டார்கள். தங்கள் தங்கள் சேனலில் மறுப்பு வீடியோ போட்டார்கள், கிண்டலும் செய்தார்கள். முல்லர் உடனே கேமரா முன் உட்கார்ந்து புலம்பவில்லை. 2022 ஏப்ரலில் திரும்பி வந்தார். மறுத்தவர்களின் வாதத்தைத் தன் வீடியோவிலேயே எடுத்துக் காட்டினார். நிஜமான கம்பியைக் கட்டிச் சோதித்து அளந்து, எது நிற்கிறது, எதைத் தான் தெளிவாகச் சொல்லாமல் விட்டேன் என்று பிரித்துப் பேசினார். முதல் வீடியோ சரியா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு. விமர்சித்தவர்களை அடுத்த வீடியோவுக்கான விஷயமாக அவர் எடுத்துக்கொண்டாரே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

உங்களுக்கு அத்தனை மாதம் கிடையாது, ஏனென்றால் இது பல்பு இல்லை, வயிறு. இந்த வாரமே இரண்டு நிமிடத்துக்குள் ஒரு திருத்த வீடியோ எடுங்கள். வழக்கமான உங்கள் அடுப்படியில், வழக்கமான வெளிச்சத்தில். பின்னணி இசை வேண்டாம். தம்ப்நெயிலில் கண்ணீர் வேண்டாம், சிவப்பு அம்புக்குறி வேண்டாம். ‘எண்ணெய்ப் பூண்டு: நான் சொன்னது தவறு’ என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். அந்த வீடியோவுக்கு மட்டும் விளம்பர வருமானத்தை அணைத்து வையுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

“பூண்டை எண்ணெய்ல ஊற வச்சு மூணு மாசம் வெளியிலயே வைக்கலாம்னு போன வீடியோல சொல்லியிருந்தேன். அது தப்பு. அப்படிச் செஞ்சு வச்சிருந்தீங்கன்னா சாப்பிடாதீங்க, கொட்டிடுங்க. வாசம் நல்லாத்தானே இருக்குன்னு நினைக்காதீங்க, இது வாசத்துல தெரியாது. காரணம் இதுதான்...” பிறகு காரணம். பிறகு: “இதை ஒருத்தர் கமெண்ட்ல சொன்னார். நான் கேக்காம நீக்கிட்டேன். அவருக்கு நன்றி. பழைய வீடியோவ எடுத்துட்டேன்.” அவ்வளவுதான்.

“சிலர் சொன்னாங்க”, “யார் மனசாவது புண்பட்டிருந்தா” என்ற சொற்கள் உள்ளே வரக் கூடாது. புண்பட்டது யார் மனசும் இல்லை. அவர் பெயரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டாதீர்கள். நன்றி சொல்கிறேன் என்று ஊரே அவருடைய யூடியூப் பக்கத்தில் போய் மொய்க்கும்படி ஆகிவிடும். ‘கொட்டிடுங்க’ என்பது முதல் இருபது விநாடிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை பேர் விலகிப் போனாலும் பரவாயில்லை. இதையே எழுத்தாகச் சேனலின் ‘போஸ்ட்ஸ்’ பகுதியிலும், அந்தப் பூண்டு ரீல் போன இன்ஸ்டாகிராம், பேஸ்புக் பக்கங்களிலும் போடுங்கள். வாட்ஸப்பில் இறங்கிப் போன பிரதிகளை நம்மால் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் திருத்தமும் எடுத்து அனுப்பத் தோதாகச் சின்னதாக இருக்கட்டும்.

பழைய வீடியோவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் போதாதா என்று உங்கள் கணவர் கேட்பார். போதாது. பார்த்தவர்கள் வீட்டு அலமாரியில் பாட்டில் இருக்கிறது. வீடியோவை எடுத்தால் பாட்டில் போகாது. குர்ட்ஸ்கெசாக்ட் என்ற ஜெர்மானிய அனிமேஷன் சேனல் 2019 மார்ச்சில் தன்னுடைய இரண்டு பழைய வீடியோக்களை நீக்கியது. அவற்றில் போதைப் பழக்கம் பற்றியது ஒன்று, மிகப் பிரபலமானது. நீக்கியதோடு நிற்காமல், ஏன் நீக்குகிறோம், அந்த ஆராய்ச்சியை எப்படி ஒருபக்கமாகக் காட்டிவிட்டோம் என்று தனி வீடியோ போட்டார்கள். அதிலும் குறை சொன்னவர்கள் உண்டு. இருந்தாலும் பார்வையாளருக்கு என்ன மாறியது என்று தெரிந்தது. உப்பு அளவு மாறிப்போனது, அடுப்பை எப்போது அணைப்பது என்று சொல்ல மறந்தது மாதிரியான சின்னப் பிசகுக்கு இவ்வளவு தேவையில்லை. யூடியூபில் ஒரு வீடியோவை ஏற்றிய பிறகு அதே இடத்தில் வேறொன்றை மாற்றி வைக்க முடியாது. தவறான துண்டை வெட்டலாம், அல்லது திருத்தத்தைக் கமெண்டாக எழுதி மேலே பின் பண்ணலாம். சுட்டிக்காட்டியவருக்கு அங்கேயே ஒரு ஹார்ட்.

இனி எண்ணெய்க் கம்பெனி.

இந்த இடத்தில் நான் உங்கள் பார்வையாளர்கள் பக்கம். காசு வாங்கியது தவறில்லை. கேமரா, விளக்கு, பொருட்கள், நாலு பேர் உழைப்பு, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். ஆனால் வீடியோ முழுக்கப் பார்த்தேன், ஒரு இடத்திலும் இது விளம்பரம் என்று சொல்லவில்லை. “எங்க வீட்ல இதுதான் யூஸ் பண்றோம்” என்கிறீர்கள். அதற்கு முந்தின வாரத்து வீடியோவில் அடுப்புக்குப் பக்கத்தில் வேறொரு எண்ணெய் பாக்கெட் நிற்கிறது. பார்க்கிறவர்கள் அதையெல்லாம் கவனிப்பார்கள், அதிலும் சமையல் வீடியோ பார்க்கிறவர்கள் உங்கள் கரண்டி மாறினால்கூடக் கேட்பார்கள். ‘காசு வாங்கிட்டு’ என்று எழுதியவருக்கு நீங்கள் கொடுத்த பதில் “எனக்கும் குடும்பம் இருக்கு.” அவர் கேட்டது அதை இல்லை.

இது நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் கிடையாது, சட்டமும் உண்டு. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணமோ இலவசப் பொருளோ வேறு சலுகையோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் அதைப் பளிச்சென்று சொல்ல வேண்டும். வீடியோவின் விவரக் குறிப்பில் ஒளித்து வைத்தால் போதாது, வீடியோவுக்குள்ளேயே வர வேண்டும். எந்த மொழியில் பரிந்துரைக்கிறீர்களோ அந்த மொழியில் வர வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, அதில் வந்து பரிந்துரைப்பவர் உட்பட, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. யூடியூபிலும் வீடியோ ஏற்றும்போது, பணம் பெற்ற விளம்பரம் இதில் உண்டு என்று குறிக்கும் கட்டம் இருக்கிறது. டிக் செய்தால் தொடக்கத்தில் சில விநாடி அறிவிப்பு வரும். ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் வாயால் “இது விளம்பரம், இந்தக் கம்பெனி எனக்குப் பணம் கொடுத்திருக்கு” என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பாக்கி இருக்கும் வீடியோவை அப்படித்தான் எடுக்க முடியும் என்று கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கை கடிக்கும், தெரியும்.

கமெண்ட் எழுதாதவர்களும் விமர்சிக்கிறார்கள் என்பதையும் இதோடு பாருங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் அந்த விளம்பர வீடியோவின் ரிடென்ஷன் கோட்டை, அதாவது எந்த இடம்வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கோட்டை, திறந்து, எண்ணெய் பாட்டில் முதன்முதலில் திரையில் வரும் நிமிடத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். சரேலென்று இறங்கியிருந்தால், எழுதியவர் நூறு பேராகவே இருந்தாலும் எழுதாமல் கிளம்பியவர்கள் அதைவிட அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். டிஸ்லைக் எண்ணிக்கையை 2021 நவம்பரில் யூடியூப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. ஆனால் உங்கள் ஸ்டுடியோவில் உங்களுக்குத் தெரியும். திட்டு எழுதுகிறவர்களின் சத்தத்தை விட எனக்கு இந்த இரண்டில் நம்பிக்கை அதிகம். யாருக்காகவும் இவை நடிப்பதில்லை.

இப்போது அந்த அழுகை வீடியோ. அனுப்பியதை இரண்டு தடவை பார்த்தேன். உங்கள் வேதனை நிஜம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பதினோரு நிமிட வீடியோவில் பூண்டு வருவது ஒரே வாக்கியத்தில், அதுவும் “பூண்டுல கூட விஷம்னு சொன்னாங்க” என்று மற்றக் கொடுமைகளோடு சேர்த்து. எண்ணெய்க் கம்பெனி வரவே இல்லை. பாக்கி முழுக்க ரோஸ்ட் சேனல்காரர், கஷ்டப்பட்டு வந்த கதை, கடைசியில் “சப்போர்ட் பண்ணுங்க” என்ற வேண்டுகோள். நியாயமாகக் கேட்டவருக்குப் பதில் இல்லை, அசிங்கமாக எழுதினவருக்கு முழுப் பதில். அவருக்கு வேண்டியதும் இதுதான்.

பெரிய சேனல்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. கனடாவில் லைனஸ் டெக் டிப்ஸ் என்று கணினி விமர்சனம் செய்யும் பெரிய சேனல். 2023 ஆகஸ்டில், கேமர்ஸ் நெக்சஸ் என்ற இன்னொரு சேனல், இவர்களுடைய சோதனை முடிவுகளில் தவறு மேல் தவறு இருக்கிறது என்றும், ஒரு சின்ன நிறுவனம் பார்வைக்கு அனுப்பிய மாதிரிப் பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் தொண்டு ஏலத்தில் விட்டுவிட்டார்கள் என்றும் ஆதாரத்தோடு வீடியோ போட்டது. லைனஸ் செபாஸ்டியனின் முதல் பதிலில், போடுவதற்கு முன் எங்களைக் கேட்டிருக்கலாமே என்ற மனத்தாங்கல் தூக்கலாக இருந்தது. கோபம் இரண்டு மடங்கானது. அடுத்து நிறுவனமே மன்னிப்பு வீடியோ போட்டது. அதற்குள் நகைச்சுவையும் தங்கள் கடைப் பொருளைப் பற்றிய பேச்சும் புகுந்துவிட, அதற்கும் திட்டு. ஒரு வாரம் வீடியோ வெளியிடுவதையே நிறுத்திவிட்டு வேலைமுறையைச் சரிசெய்கிறோம் என்று சொன்னதுதான் அதில் உருப்படியாக அமைந்தது. பணமும் ஆளும் குவிந்து கிடக்கும் இடத்திலேயே, காயம் ஆறும் முன் பேசினால் பேச்சு எங்கே போகிறது பாருங்கள். உங்கள் பதினோரு நிமிடத்தை அழிக்க வேண்டாம், கணினியில் கிடக்கட்டும். அதிலிருந்து ஒரு துண்டையும் வெளியே விடாதீர்கள்.

காப்பிரைட் ஸ்ட்ரைக் அடிக்கச் சொன்ன நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் வீடியோத் துண்டைக் காட்டிக் கிண்டலடிப்பது பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாளுவதை இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது. உங்கள் புகார் தவறு என்று அவர் யூடியூபுக்கு எதிர் அறிவிப்பு கொடுத்தால், நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனதாகக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வீடியோ திரும்ப வந்துவிடும். அமெரிக்காவில் மேட் ஹொசைன்சாதே என்ற யூடியூபர், தன் வீடியோவைக் கிண்டல் செய்த ஈத்தன் க்ளைன், ஹிலா க்ளைன் தம்பதி மீது 2016-ல் வழக்கே போட்டார். 2017 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றம் அது நியாயமான பயன்பாடு என்று சொல்லிவிட்டது. அவர் தடுக்க நினைத்த கிண்டல் வழக்கால்தான் உலகத்துக்கே தெரிந்தது. உங்கள் முழு வீடியோவையும் அப்படியே தூக்கித் தன் சேனலில் போட்டிருந்தால் விஷயம் வேறு. இணைப்பைப் பார்த்தேன், அப்படி இல்லை. அந்த ரோஸ்ட் வீடியோவில் பூண்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதையும் கவனித்தேன். அவருக்கும் பொட்டுலிசம் தெரியாது.

உடம்பைப் பற்றி எழுதியவை, மகனைப் பற்றி எழுதியவை: இவற்றைப் படிக்கவே வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். இவை விமர்சனக் கணக்கிலேயே வராது. ஸ்டுடியோவின் கமெண்ட் அமைப்பில் தடுக்கும் சொற்களின் பட்டியல் இருக்கிறது. அதில் சேர்க்கும் சொல் வந்தால் கமெண்ட் வெளியே தெரியாமல் உங்கள் பார்வைக்கு நிறுத்திவைக்கப்படும். தமிழில் மட்டும் சேர்த்தால் பலனில்லை. நம் ஆட்கள் ஒரே வசவை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள், நடுவில் புள்ளி வைப்பார்கள், ஒரு எழுத்தை இரட்டிப்பார்கள். அந்த அத்தனை வடிவத்தையும் சேர்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வருகிறவரைச் சேனலில் இருந்து மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அவர் எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியாது, மறைத்திருக்கிறோம் என்று அவருக்கும் சேதி போகாது. சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்.

மிரட்டல், வீட்டு முகவரி, பாலியல் பேச்சு, மகனின் படம் போன்றவை வந்தால் மட்டும் நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, தேதி, நேரம் எல்லாம் எடுத்து வையுங்கள். பிறகு யூடியூபில் புகார், கூடவே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார். பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கும் பெண்ணின் மானத்தை அவமதிக்கும் பேச்சுக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78, 79-வது பிரிவுகள் இருக்கின்றன. நீங்கள் அனுப்பியவற்றில் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகள் அந்த அளவுக்குப் போகின்றன. எவை என்று மெயிலில் குறித்திருக்கிறேன். அந்த இரண்டுக்கும் புகார் கொடுங்கள், பாக்கியை விட்டுத் தள்ளுங்கள்.

கணவர் சாப்பாட்டு நேரத்தில் கமெண்டை வாசித்துக் காட்டுகிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அக்கறையில் செய்கிறார்தான், ஆனால் மகனுக்கு அதெல்லாம் அங்கிருந்துதான் போயிருக்கிறது. பையனிடம் “பார்த்தியா? எதைப் பார்த்த?” என்று நேராகக் கேளுங்கள். பள்ளியில் யாராவது அந்த ரோஸ்ட் வீடியோவைக் காட்டிச் சீண்டுகிறார்களா என்பதையும் கேளுங்கள். பதினாலு வயதுக்கு அம்மாவின் கமெண்ட் பகுதியை விட வகுப்பறைதான் பெரிய உலகம். சீண்டல் இருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.

சேனலை மூடத் தேவையில்லை. கமெண்டையும் மொத்தமாக மூடியே வைத்திருக்காதீர்கள். மூடிய வீட்டுக்குள் பூண்டுக்காரர் மறுபடி வர முடியாது. பழைய வீடியோக்களில் ‘பாஸ்’ (Pause) என்ற நிலையில் வையுங்கள். ஏற்கெனவே இருப்பவை தெரியும், புதிதாக எழுத முடியாது. திருத்த வீடியோவில் மட்டும் திறந்து வையுங்கள், ஆனால் எல்லா கமெண்டும் உங்கள் அனுமதிக்குப் பிறகு வெளியாகும்படி. முதல் இரண்டு வாரம் நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். நாத்தனார் மகள் பார்க்கட்டும். பொருள் பற்றிய கேள்வி, தவறு சுட்டுதல், புகார் என எதுவாக இருந்தாலும், வசவை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, ராத்திரி இல்லாமல் காலையில் உங்களிடம் கொடுக்கட்டும். “படிச்சுட்டு வந்து சொல்லு” என்பதை அவள் எழுதமாட்டாள், “புளி இல்லாமல் பூண்டு கெடும் என்கிறார்” என்று எழுதுவாள். அதற்கு நீங்கள் பதில் எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு இந்த வேலைக்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள். அந்த வசவையெல்லாம் இனி அவள்தானே படிக்கப்போகிறாள்? வாரம் ஒரு நாள் அவளுக்கும் விடுமுறை விடுங்கள், அன்றைக்கு உங்கள் கணவர் பார்க்கட்டும்.